கட்டிப் பெருங்காயம்

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சிந்து ஹாலின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தாள். சாப்பாட்டு மேஜை, சோபா, பால்கனிக் கதவு. திரும்பினால் பால்கனிக் கதவு, சோபா, சாப்பாட்டு மேஜை. மதியத்திலிருந்து இதேதான். கண்ணா கால்களை வயிற்றோடு மடக்கி, முஷ்டியை இறுக்கி, முகம் செக்கச்செவேலென்று ஆக வீல் வீலென்று கத்தினான். மூச்சு வாங்கக் கொஞ்சம் நிறுத்துவான். அப்பாடா என்று உட்காரப் போனால் அடுத்த கத்தல் காதைக் கிழிக்கும். பிறந்து மூன்று மாதம்கூட ஆகாத உடம்பில் இவ்வளவு சத்தம் எங்கேதான் இருக்கிறதோ!

உள்ளறையில் அவன் அம்மா ஸ்னேஹா ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தாள். முன்பு இருந்த ஆயாவை, குழந்தை அழுகிற சத்தம் மீட்டிங்கில் கேட்கிறது என்றுதான் நிறுத்தினார்கள். வைட்ஃபீல்டின் இந்த அடுக்குமாடி வளாகத்தில் ஒரு வீட்டார் வேண்டாம் என்றுவிட்டால் போதும், கேட்டில் இருக்கும் செக்யூரிட்டியின் போனில் வேலைக்காரியின் பெயர் சிவப்பாகிவிடும். அப்புறம் எந்த வீடும் கூப்பிடாது. ரயில்வே பார்சல் தூக்கித் தூக்கி இடுப்பு போய், ஒக்கலிபுரம் வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் புருஷனையும், பள்ளிக்கூடம் போகும் மகளையும் அந்த ஒரு கேட்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தது. சிந்து நடையை நிறுத்தவில்லை.

அறைக்கதவு திறந்தது. ஸ்னேஹாவின் கழுத்தில் ஹெட்போன் தொங்கியது.

"சிந்துக்கா, ப்ளீஸ். மேனேஜர் என்ன சத்தம்னு கேக்கறாரு."

குழந்தையை வாங்கிக்கொண்டு அவளே சமையலறைக்குள் போனாள். ஃப்ரிட்ஜ் மேலிருந்த பச்சை மூடி பாட்டிலைத் திறந்து, துளிக்குழாய் நிறைய உறிஞ்சி அவன் வாயில் விட்டாள். நூறு சதவீதம் மூலிகை என்று விளம்பரம் பார்த்து வாங்கிய வயிற்று வலி மருந்து. காலையிலும் கொடுத்திருந்தாள். அழுகை நிற்கவில்லை. இன்னொரு குழாய் நிரம்பியது.

"இப்பத்தானே மேடம் குடுத்தீங்க?"

"ஹெர்பல்தானே, ஒண்ணும் பண்ணாது." ஸ்னேஹாவின் கண்ணில் தண்ணீர் முட்டியது. "நீங்கல்லாம் வீட்டுல என்ன பண்ணுவீங்க? எதாவது பண்ணுங்களேன்."

"பெருங்காயத்த ஒரசித் தொப்புளச் சுத்திப் போடுவோம். வெத்தலைல வெளக்கெண்ண தடவி, அனல்ல காட்டி வவுத்து மேல வெப்போம். ஆனா சாரு அதெல்லாம் கூடாதுன்னு சொல்லியிருக்காருல்ல?"

"சார்கிட்ட நான் பேசிக்கறேன். நீங்க பண்ணுங்க."

மறுபடியும் ஒரு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டுதான் சிந்து தன் பையைத் திறந்தாள். காகிதத்தில் மடித்த கட்டிப் பெருங்காயம் அதில் எப்போதும் இருக்கும். வெந்நீர் விட்டு உரசினாள். பூஜை அலமாரியிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து எண்ணெய் தடவி வாட்டினாள். சூடு அதிகமோ என்று தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டாள். தொட்டிலுக்கு மேலே கேமராவின் நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தது. குழந்தையின் அப்பா தேஜஸ், ஆபீஸிலிருந்தே மகனைப் பார்த்துக்கொள்ள வைத்தது. அதன் கீழேதான் தொப்புளைச் சுற்றித் தடவினாள். கடைவாயில் வழிந்திருந்த பச்சை மருந்தை விரலால் துடைத்துவிட்டாள். வெற்றிலையை வயிற்றில் வைத்து அதன்மேல் உள்ளங்கையைப் பொத்தி வைத்தாள்.

அழுகை நின்றது. கதவிடுக்கில் எட்டிப் பார்த்த ஸ்னேஹா கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். சிந்துவுக்கு அப்படி ஒரு நிம்மதி.

அந்த நிம்மதி நிலைக்கவில்லை. பால் குடிக்கிற நேரம் வந்தும் அவன் விழிக்கவில்லை. தூக்கினால் தலை துவண்டது. உள்ளங்காலைச் சுண்டினாள். உதட்டை மட்டும் சுழித்தான், அழவில்லை. அடுத்து, வாயாலும் மூக்காலும் பச்சையாகக் கக்கினான்.

"மேடம்! மேடம், ஓடியாங்க!"

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் காரின் பின்சீட்டில் அவனை மார்போடு அணைத்துக்கொண்டு, சிந்து ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தாள். என் கைதானோ? இலை சூடாகிவிட்டதோ? எத்தனையோ குழந்தைக்குப் போட்டிருக்கிறேனே, இவனுக்குப் போய் இப்படி ஆகவேண்டுமா?

டாக்டர் குழந்தையின் வயிற்றை முகர்ந்து பார்த்து, துடைக்கச் சொன்னார்.

"இதால இப்படி ஆகாது. உள்ளுக்கு என்ன குடுத்தீங்க? தெரிஞ்சாத்தான் ட்ரீட்மென்ட் பண்ண முடியும்."

ஸ்னேஹா குழந்தையின் கழன்ற சாக்ஸை முறுக்கிக்கொண்டிருந்தாள். ஆபீஸிலிருந்து நேரே வந்திருந்த தேஜஸ் போனை நீட்டினான். திரையில் சிந்துவின் கை வெற்றிலை வைத்தது. அதற்கு முன்னால், அவள் விரல் குழந்தையின் வாய்க்குப் போனது.

"இதோ பாருங்க டாக்டர். எதையோ வாய்ல வெக்கிறா." அதுவரை 'நீங்க' என்று பேசியவன் சிந்துவின் பக்கம் திரும்பினான். "என்ன குடுத்தே? உண்மையச் சொல்லு."

"தொடச்சேன் சார். உள்ளுக்கு நான் ஒண்ணும் குடுக்கல."

"அப்போ யாரு குடுத்தா?"

சிந்து ஸ்னேஹாவைப் பார்த்தாள். சொல்லிவிடு தாயே, உன் வாயாலேயே சொல்லிவிடு என்று கெஞ்சுகிற பார்வை. ஸ்னேஹா நிமிரவில்லை. படுக்கையில் குழந்தை துணிபோலக் கிடந்தான். புருஷன் முன்னால் பெற்றவளைக் காட்டிக்கொடுப்பதா என்று ஒரு மனம் இழுத்தது. கேட்டும் சிவப்புப் பெயரும் கண்முன் வந்தன. ஆனால் டாக்டர் பேனாவோடு காத்துக்கொண்டிருந்தார்.

"பாட்டில் மருந்து டாக்டர். காலைல ஒரு வாட்டி. மத்தியானம் ரெண்டு குழாய் நெறைய."

"ஸ்னேஹா?" என்றான் தேஜஸ்.

"காலைல குடுத்தேன். அதுல போட்டிருக்கற அளவுதான்." தரையைப் பார்த்தபடி சொன்னாள். "மத்தியானம் நான் மீட்டிங்ல இருந்தேன்."

டாக்டர் எழுதிக்கொண்டார். நர்ஸிடம் ஏதோ சொன்னார். சமையலறையில் கேமரா கிடையாது.

"செய்யறதையும் செஞ்சுட்டு அவ மேலயே பழி போடறியா? வெளிய போ," என்றான் தேஜஸ்.

சிந்து வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றாள். போகச் சொன்ன பிறகும் கால் நகரவில்லை. வெகுநேரம் கழித்துக் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அது கேட்டது. வீலென்று, பழைய பலத்தோடு கண்ணாவின் அழுகை. மதியமெல்லாம் நிற்காதா என்று ஏங்கிய அதே சத்தம். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு பையை எடுக்க வளாகத்துக்கு நடந்தாள்.

கேட்டில் செக்யூரிட்டி சில்வெஸ்டர் அவளை உள்ளே விடவில்லை. அவசரத்தில் அவள் வாசலிலேயே விட்டுப்போன பை ஏற்கெனவே அவன் மேஜைக்கு வந்துவிட்டிருந்தது.

"உன் பேரு செவப்பாயிடுச்சும்மா. பைய செக் பண்ணி, மருந்து எதுனா இருந்தா எடுத்து வெச்சு போட்டோ அனுப்பச் சொன்னாரு தேஜஸ் சாரு. நான் என்ன பண்ணட்டும் சொல்லு."

"எடுத்துக்கோண்ணா."

டிபன் டப்பா, சீப்பு, மெட்ரோ கார்டு என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். காகித மடிப்பைப் பிரித்து, பெருங்காயத்தை மேஜையில் வைத்துப் படம் எடுத்தான். வாசனைக்கு முகத்தைச் சுளித்தான்.

அதற்குள் டெலிவரிக்காரன் ஒருவன் பைக்கை நிறுத்தாமலே ஒரு சின்ன அட்டைப்பெட்டியை நீட்டினான். ஸ்னேஹா மதியம் ஆர்டர் போட்டிருந்த அதே மூலிகை மருந்து. சில்வெஸ்டர் போனைப் பார்த்தான். "அந்த வீட்டுக்குத்தான். ஓகே ஆயிருக்கு," என்று வாங்கி, கீழே விழாதபடி ஜாக்கிரதையாக மேஜையின் உட்பக்கம் வைத்தான்.

பெட்டியின் மேல் போட்டிருந்த படத்தில் ஒரு குழந்தை சிரித்தபடி தூங்கிக்கொண்டிருந்தது. அதன் தலைமாட்டில் ஓமக் கொத்து, பச்சை இலைகள். பக்கத்தில் ஒரு கிண்ணம் நிறையப் பழுப்புக் கட்டிகள்.

சிந்து அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். சில்வெஸ்டர் அவளுடைய கட்டியைக் காகிதத்தோடு சுருட்டி, காலடியில் இருந்த குப்பைக் கூடையில் போட்டான்.

"நகரும்மா, பின்னாடி கார் வருது."