எட்டாவது கப்பு

"கண்ணை மூடிக்கிட்டு எட்டுக் கப்பு அள்ளினாக்கூட சரியா ஒரு கிலோ மாவு நிக்கும். ஒரு கிராம் கூடிச்சுன்னா தராசைத்தான் ரிப்பேருக்குக் குடுக்கணும்," என்றாள் மாமியார், மாவு டப்பாவுக்குள் முழங்கை வரை இறங்கியபடி.

மருமகள் பல்லைக் கடித்துக்கொண்டு மின்தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாள். ஊரில் பாதிப் பேர் பிறந்ததே இந்தக் கிழவியின் பிறந்தநாள் கேக்கைத் தின்பதற்காகத்தான். அதே கப்பால் மருமகள் அளந்து செய்தால் மட்டும் செங்கல் வரும். போன வாரத்துச் செங்கலை மாமனார் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தார். புயலே வந்தாலும் அந்தக் கதவு அசையாது. மாமியார் இனி அடுப்புப் பக்கமே போகக் கூடாதென்று டாக்டர் சொல்லியாயிற்று. கப்புக் கணக்கைக் கிராமுக்கு மாற்றாவிட்டால் கேக் வியாபாரத்துக்கு முழுக்குத்தான்.

முதல் கப்பு நூற்று நாற்பது கிராம். அடுத்தது நூற்றுப் பத்து. அதற்கடுத்தது நூற்று முப்பத்தெட்டு.

"ஒரே கப்பு, ஒரே மாவு. எப்படி அத்தை மூணும் மூணு எடை?"

"ஒண்ணு திமிரா வந்தா அடுத்தது அடக்கமா வரும். ரெண்டும் முறைச்சுக்கிட்டு நின்னா குடும்பம் ஓடுமா?"

"இதுல எந்த எடையை நான் வச்சுக்கறது?"

"எதையும் வச்சுக்காத. மொத்தமாப் பாரு."

ஏழாவதோடு மருமகளின் பொறுமை தீர்ந்தது. எட்டாவது கப்பை மாமியார் கத்தி முதுகால் வழித்துக்கொண்டிருக்கும்போதே தராசை அணைத்தாள்.

"போதும் அத்தை. போய்ப் படுங்க. நாளைக்குப் பாத்துக்கலாம்."

"உன் இஷ்டம்." கப்பை மேடைமேல் வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டே போய்ப் படுத்தாள். சாயங்காலம் மாமனார் காப்பியோடு போய் எழுப்பினார். எழுந்திருக்கவில்லை.

மறுநாள் எல்லாம் முடிந்தது. வந்தவர்கள் அத்தனை பேரும் கேக்கைத்தான் பேசினார்கள். எப்போதோ தின்ற துண்டின் ருசி இன்னும் பல்லிடுக்கில் இருக்கிறதென்றார் ஒருவர். அவருக்குப் பல்லே கிடையாது. "இனிமே நீதாம்மா," என்று ஆளாளுக்கு மருமகள் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இனி யாரிடம் போய்க் கேட்பது?

வீடு காலியானதும் சமையலறைக்குள் போனாள். எல்லாப் பாத்திரமும் கழுவிக் கவிழ்த்திருந்தது. ஏழு கப்பு மாவு இருந்த கிண்ணத்தையும் பக்கத்திலிருந்த கப்பையும் மட்டும் மாமனார் யாரையும் தொட விடவில்லை. கப்பின் மாவு வழித்தது வழித்தபடி இருந்தது.

அதே போன்ற காலிக் கிண்ணத்தைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கினாள். அதை எடுத்துவிட்டு மாவுக் கிண்ணத்தை வைத்தாள். எட்டாவது கப்பைக் கொட்டினாள். ஓரத்தில் ஒட்டியதையும் விரலால் தட்டினாள்.

ஆயிரம்.

கப்பைக் கையில் பிடித்தபடியே நின்றாள். திரை தானாக அணைந்தது. அவசரமாகப் பொத்தானை அழுத்தினாள். கிண்ணம் மேலே இருக்கும்போதே உயிர் வந்த தராசு, அந்த எடையையே பூஜ்யமாக்கிக் காட்டியது.

மாமனார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, ஒண்ணுமே இல்லைங்குது?"

"இப்பக் காட்டுச்சு மாமா." கப்பை அவள் இன்னும் கீழே வைக்கவில்லை. "நான் பாத்தேன். சரியா ஒரு கிலோ."