கல் மாப்பிள்ளைக்கு ஒரு முடிச்சு

துரைக்கண்ணு ஆறு வருஷம் எழுதிய முதல் நாவலில், பாதாள இளவரசி நீலநாகியின் கழுத்தருகே தாலியைக் கொண்டுபோகும்போது மாப்பிள்ளை கல்லாகிவிடுவான். அந்த ஒரு பக்கத்துக்காகத்தான் மற்ற முந்நூறு பக்கமும். அரிசி மில்லில் சாக்குக்கு முத்திரை குத்தும்போதும் அவன் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தான்.

1968 வைகாசியில் தாலிக் காட்சி வரும் கடைசிப் பதினாறு பக்கப் பாரம் தவிர எல்லாம் அச்சாகியிருந்தது. அச்சக உரிமையாளர் உமாபதி, காஞ்சிபுரத்தில் அதுவரை கல்யாணப் பத்திரிகை தவிர வேறெதுவும் அச்சடித்தவர் இல்லை. சத்திரத்தில் நாவலை வாசித்துக் காட்டப்போவதாகத் துரைக்கண்ணு ஒரு நோட்டீஸ் கேட்டான். கதையில் வரும் இளவரசியின் திருமண அழைப்பையும் விளம்பரமாக அதில் சேர்க்கச் சொன்னான். உமாபதி "நாவல் வாசிப்பு" என்ற வரி தவறி வந்துவிட்டது என்று நினைத்து எடுத்துவிட்டு, முகூர்த்த நேரம் சேர்த்து, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, தெரிந்த வீடுகளுக்கெல்லாம் அனுப்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை சத்திரத்தில் இருநூறு பேர்.

"இது கதைங்க. பொண்ணெல்லாம் கிடையாது," என்றான் துரைக்கண்ணு.

யாரும் எழுந்திருக்கவில்லை. தென்னேரியிலிருந்து பித்தளைக் குடத்தோடு வந்திருந்த எல்லம்மாள், "கதையில தாலி கட்றாங்க இல்ல? அத்தப் படிப்பா," என்றாள்.

படித்தான். மாப்பிள்ளை கல்லான இடத்தில் நிறுத்தினான்.

"மஞ்ச தடவிக் கூப்ட்டுட்டு இன்னாபா இது," என்றார் தாமலிலிருந்து வந்திருந்த நமச்சிவாயம். "மாப்பிள்ளைக்குத் தம்பி இருக்குறானா? அவன ஒக்கார வை."

"ஒரே புள்ளைங்க."

"பத்தரையோட முகூர்த்தம் முடியுது. நீ பேப்பர புடிச்சிக்கினு நிக்கிற."

"கல்லுதாங்க. மாத்த மாட்டேன்."

எல்லம்மாள் குடத்தை இறக்கி வைத்தாள். "யாரு மாத்தச் சொன்னது? மொத முடிச்சப் போட்டுட்டுக் கல்லாவட்டும். மீதி ரெண்டும் நாத்தனார் போடறதுதானே."

துரைக்கண்ணு பென்சிலை எடுத்தான். கல்லுக்கு வாழ்க்கைப்பட்ட இளவரசி. ஆறு வருஷத்தில் இது தனக்குத் தோன்றவில்லையே என்று வயிறு எரிந்தது. பத்து இருபத்தைந்துக்கு எழுதி முடித்தான். காகிதத்தின் மேல் அட்சதை விழுந்தது.

அப்போதுதான் உமாபதி எழுந்தார். "நாத்தனாருக்கு எங்கபா போறது? பதினாலாம் பக்கத்துல ஒரே புள்ளன்னு அச்சாயிடுச்சே."

"நான் போடறேன், எழுதிக்கோ," என்றாள் எல்லம்மாள்.

நாவல் ஆனியில் வெளிவந்தது. முதல் பக்கத்தில் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது: "பிழை திருத்தம்: 14ஆம் பக்கத்தில் 'ஒரே பிள்ளை' என்பதற்குப் பின் 'அவனுக்கு எல்லம்மாள் என்றொரு அக்கா உண்டு' எனச் சேர்த்து வாசிக்கவும்."