கரண்டே இல்லாத வயர்

இசக்கித்துரை கடைக்குள் வந்தபோது ஒரு கையில் மஞ்சள் பை, மறு கையில் ஒரு துண்டுச் சீட்டு. பையை மேசையில் வைப்பதற்கு முன்பே உள்ளே என்ன இருக்கிறது என்று ஷாஹின் பானுவுக்குத் தெரிந்துவிட்டது. கருகிப்போன சர்க்யூட் போர்டுக்கு ஒரு வாடை உண்டு. பத்து வருடமாக அந்த வாடையில்தான் அவள் பிழைப்பு ஓடுகிறது.

"தங்கச்சி, ஷட்டரை நீ இழுக்கியா, நான் இழுக்கட்டுமா?" என்றார் அவர். சீட்டை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

அது அவள் போட்ட பில். ஐப்பசி பிறந்ததும் இதே போர்டு ஒருமுறை இடிக்குப் போனது, சரி செய்தாள். எட்டாம் நாள் மறுபடியும் போனது. அப்போது கோபத்தில், பில்லுக்குக் கீழே தன் கையாலேயே எழுதிக் கொடுத்திருந்தாள்: 'இனி இடிக்குப் போனால் கடையை மூடுகிறேன். ஷாஹின் பானு.' வாய் வார்த்தையாகச் சொல்லியிருந்தால் மழுப்பியிருக்கலாம். கையெழுத்து வேறு போட்டுத் தொலைத்திருந்தாள்.

சங்கரன்கோவிலில் இருந்து திருவேங்கடம் போகிற ரோட்டில், மோட்டார் ஸ்டார்ட்டர் முதல் வாஷிங் மெஷின் வரை, போர்டு என்று எது இருந்தாலும் அவள் மேசைக்குத்தான் வரும். அவள் எங்கேயும் போகமாட்டாள். யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டால், "டாக்டர் என்ன நோயாளி வீட்டுக்கா போறாரு?" என்பாள். அவ்வளவு திமிர். திமிருக்கு ஏற்ற கைத்திறனும் இருந்ததால் ஊர் பொறுத்துக்கொண்டது.

எதிர்த்த டீக்கடை மைதீன் பாட்சா எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொண்டு நின்றார். "பானு, இதான் கடைசி டீயா? சீனி கூடப் போடட்டுமா?"

"வழக்கம்போலப் போடுங்க மாமா. நாளைக்கும் குடிக்கணும்லா."

சொல்லிவிட்டாளே தவிர, கண் ஷட்டர் பக்கமே போனது. கடை போனால் அவளுக்கு வேறு எதுவும் இல்லை என்பதில்லை. ஆனால் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதுதான் அவள் அவளாக இருந்தாள்.

இசக்கித்துரைக்கு அதைவிடப் பெரிய கவலை. குருவிகுளம் போகிற வழியில் நாட்டுக்கோழிக் குஞ்சு பொரிக்கும் பண்ணை வைத்திருக்கிறார். பெட்டிக்குள் ஆயிரத்து எண்ணூறு முட்டை. பதினேழு நாள் ஆகிவிட்டது, இன்னும் நாலு நாளில் குஞ்சு வரவேண்டும். சூட்டை அளந்து பார்த்துக்கொள்கிற போர்டு இது. இது இல்லாமல் சாயங்காலம் வரை தாக்குப்பிடிக்கும், அதற்கு மேல் முட்டைக்குள்ளேயே எல்லாம் அடங்கிவிடும்.

"இடி கேட்ட உடனே மெயினை அணைச்சுட்டேன். பெட்டி பேட்டரியில ஓடுச்சு. கரண்டு வார வழியே கிடையாது. அப்புறம் எப்படிப் போகும்? உன் வேலை சுத்தமில்ல, அவ்வளவுதான்."

பானு பையிலிருந்து போர்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். செத்துப்போன பாகங்களைப் போட்டுவைக்கும் மிட்டாய் டப்பாவைத் திறந்து, முன்பு இரண்டு தடவை கழற்றிப்போட்ட சில்லுகளைத் தேடி எடுத்தாள். இப்போது கருகியிருந்ததும் அதே சில்லு. போர்டில் கரண்டு நுழைகிற பக்கம் புத்தம் புதிதாக இருந்தது. கரி பிடித்திருந்தது எதிர் மூலையில். மூன்று தடவையும் அதே மூலை.

அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. இரண்டு தடவையும் கரண்டு வருகிற பக்கத்துக்கே பாதுகாப்புப் போட்டாள். திருடன் கொல்லைப்புறமாக வந்துபோக, வாசலுக்குப் பூட்டு வாங்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"இந்த மூலையில என்ன வயரு மாட்டியிருந்துச்சு அண்ணாச்சி?"

"அங்கன ஒண்ணுமில்ல. கரண்டு எல்லாம் அந்தப் பக்கம்தான். நான்தானே கழட்டினேன், எனக்குத் தெரியாதா?"

அரைமணி நேரத்தில் புதுச் சில்லு வைத்தாள். பிறகு ஸ்கூட்டி சாவியை எடுத்தாள். மைதீன் பாட்சாவுக்குக் கையிலிருந்த டம்ளர் நழுவப் பார்த்தது.

பண்ணையில் இசக்கித்துரையின் மனைவி முத்துத்தாய், பெட்டியைச் சுற்றிச் சாக்கைப் போட்டு மூடி, உள்ளே குண்டு பல்புகளைத் தொங்கவிட்டு, வெப்பமானியைப் பார்த்துப் பார்த்து அணைத்தும் போட்டும் கொண்டிருந்தாள். "வந்துட்டியா மக்கா" என்று ஒரு முட்டையை எடுத்து பானுவின் உள்ளங்கையில் வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. ஒரு நொடி கழித்து உள்ளேயிருந்து ஏதோ லேசாக இடித்தது. பானு அதை ஒருமுறை காதருகே வைத்துக் கேட்டாள். முட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு சுவரைப் பார்த்தாள்.

சுவரில் போர்டு இருந்த இடத்தில் வயர்கள் தொங்கின. அந்த மூலைக்கு நேரே மெல்லிய சிவப்பு வயர் ஒன்று ஜன்னல் வழியாக வெளியே போய், வேப்பமரத்தில் ஒரு சுற்று, முருங்கையில் ஒரு சுற்று, இருநூறு அடி தாண்டி அவர் வீட்டுக்குள் நுழைந்தது.

"இது என்ன?"

"அது பெல்லு வயரு. சூடு குறைஞ்சா வீட்டுல பெல்லடிக்கும், நானே போட்டது." பெருமை முகத்தில் வழிந்தது. "அதுல கரண்டே கிடையாது தங்கச்சி. அதை எதுக்குக் கணக்குல சேக்கணும்?"

பானு சிரித்துவிட்டாள். "அண்ணாச்சி, மின்னலுக்கு உங்க மெயின் சுவிச்சு எதுக்கு? அது உங்க மேல விழணும்னு கூட இல்ல. ஒரு கிலோமீட்டர் தள்ளி வெட்டினாலும் போதும், நீளமா எந்த வயரு கிடக்கோ அதுக்குள்ள ஒரு தள்ளு வரும். கண்ணு இமைக்கதுக்குள்ள நூத்துக்கணக்கான வோல்ட்டு. இந்தச் சில்லு வேலை பாக்கது அஞ்சு வோல்ட்டுல. தாங்குமா?"

"அப்ப போர்டைத் தகரப் பெட்டிக்குள்ள வச்சிருவோம்."

"வைப்போம், எர்த்தும் குடுப்போம். ஆனா பெட்டிக்குள்ள இந்த வயரையும் விட்டா அது வழியா உள்ள வந்துருமே. முதல்ல இதை வெட்டணும்."

"வெட்டுனா நான் எப்படி முழிப்பேன்? முட்டை எல்லாம் போயிரும்!"

"வயரை எதுக்கு வீட்டுக்கு அனுப்புதீங்க? சத்தத்தை அனுப்புங்க. இங்கனயே பெரிய சைரன் வச்சு, தனி பேட்டரி குடுத்துருதேன். உங்க வீடு என்ன ராயகிரியிலயா இருக்கு?"

முத்துத்தாய் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். இசக்கித்துரை அசையவில்லை. தன் கையால் மரமேறிக் கட்டிய வயர் குற்றவாளி என்பதை எந்த மனிதர்தான் உடனே ஒத்துக்கொள்வார்?

"சரி, நம்ப வேண்டாம். பாத்துக்கோங்க" என்று பானு கட்டரை எடுத்தாள். ஜன்னலுக்கு வெளியே, இரண்டு முழம் தள்ளி வயரை வெட்டினாள். டெஸ்டருக்குள் இருக்கும் குட்டி பல்பைக் கழற்றி, ஒரு காலை வீட்டுப் பக்கம் போகும் வெட்டுமுனையிலும் மறு காலை எர்த் கம்பியிலும் கட்டினாள். கரிசல் மண் மேலே சேறாகவும் உள்ளே காய்ந்தும் கிடந்ததால், எர்த் குழியில் நாலு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னாள். போர்டைத் தகரப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியையும் எர்த்தோடு இணைத்து, மிச்ச வயர்களை முடிந்தவரை குட்டையாக்கினாள். சைரனை ஒருமுறை அலறவிட்டபோது பக்கத்துத் தோட்டத்து நாய்கள் ஓடின.

நாலரை மணிக்கு மேற்கே கறுத்தது.

"மெயினை நீங்களே அணைங்க அண்ணாச்சி. பெறகு யாரும் அந்த வயர்கிட்ட போகக்கூடாது. இங்கன உள்ள நின்னே பாருங்க."

அவர் அணைத்தார். சந்தேகத்துக்கு ஃபியூஸையும் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தூரத்தில், எங்கோ சிவகிரிப் பக்கம் ஒரு மின்னல் வெட்டியது. ஜன்னலுக்கு வெளியே குட்டி பல்பு சிவப்பாக மினுக்கிற்று. அதன்பிறகுதான் இடிச்சத்தம் வந்து சேர்ந்தது. அடுத்த மின்னல், அடுத்த மினுக்கல். இசக்கித்துரை சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். ஃபியூஸ் அங்கேதான் இருந்தது.

பிறகு பக்கத்திலேயே எங்கோ ஒன்று விழுந்தது. தகரக் கூரை அதிர்ந்தது, முத்துத்தாய் பானுவின் கையைப் பிடித்தாள். வெளியே பல்பு பட்டென்று வெடித்து, வெட்டுமுனையில் நீலமாக ஒரு பொறி பறந்தது. பானுவால் ஒரு நொடி திரும்பிப் பார்க்க முடியவில்லை. திரும்பினாள். தகரப் பெட்டியின் கண்ணாடிச் சன்னலில் சூட்டைக் காட்டும் 37.5 என்ற எண் அப்படியே நின்றது.

"மூணு தடவையும் மின்னலை நானேதான் கூப்பிட்டு வந்திருக்கேன்" என்றார் இசக்கித்துரை, மெதுவாக.

"ரெண்டு தடவை நானும் வந்து பாக்கலையே அண்ணாச்சி."

நாலாம் நாள் காலையில் போன் வந்தது. இசக்கித்துரை ஹலோ கூடச் சொல்லவில்லை. போனை அப்படியே குஞ்சுத் தட்டின் மேல் பிடித்திருக்கிறார் போலும், காது கொள்ளாத அளவுக்குக் கீச்சுக் கீச்சென்று சத்தம். பானு கடை நடுவில் நின்று அதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். கண் நிறைந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

மதியம் அவரே வந்து அந்தப் பில்லைத் திருப்பிக் கொடுத்தார், கிழித்துப் போடச் சொன்னார். அவள் கிழிக்கவில்லை. மேசைக்கு நேரே, தினமும் கண்ணில் படுகிற மாதிரி ஆணியில் மாட்டினாள்.

அவர் கிளம்புவதற்குள், ரூபியா என்ற பெண் ஒரு துணிப்பையோடு படியேறினாள். "இடிக்கு டிவி போச்சுக்கா. பிளக்கைப் பிடுங்கித்தான் வச்சிருந்தேன், சத்தியமா. போர்டு மட்டும் கழட்டிக் கொண்டாந்திருக்கேன்."

பானு பையைப் பிரிக்கவில்லை. ஸ்கூட்டி சாவியை எடுத்தாள்.

"வீடு எங்கனம்மா?"