சுவரில் ஒட்டிய பேர்கள்

கதை சொல்லி முடிக்கிறவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போனது. பள்ளி நூலகத்தில் அன்றைக்குப் பல மொழிக் கதைகள் கேட்கிற நாள். டைல்ஸ் ஒட்டுகிறவர், மகளின் இரண்டாம் வகுப்பு மொத்தமும் எதிரே உட்கார்ந்திருக்க, கரடி கிணற்றை எட்டிப் பார்த்த கதையைத் தமிழில் சொன்னார். உறுமியும் காட்டினார். ஒரு வார்த்தை புரியாத பிள்ளைகள்கூட விழுந்து விழுந்து சிரித்தன. மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போதுதான் நூலக டீச்சர் ஒரு கட்டு அட்டையும் பேனாவும் நீட்டினாள். எல்லாப் பிள்ளைகளின் பேரையும் உங்கள் எழுத்தில் எழுதித் தாருங்கள், சுவரில் ஒட்டலாம் என்றாள்.

அவர் படித்ததெல்லாம் இந்த ஊர் மொழியில். தமிழ் வாயோடு சரி, 'அ' எழுதச் சொன்னாலே முழி பிதுங்கும். தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்தது. அதற்குள் மகள் முந்திக்கொண்டாள்.

"எங்கப்பா சூப்பரா எழுதுவாரு!"

அந்த முகத்தைப் பார்த்தபிறகு பாவி மனுஷன் எங்கே சொல்வது? சினிமா போஸ்டரில் பார்த்த ஞாபகத்தில் ஒரு சுழி, ஒரு கொம்பு, மேலே ஒரு புள்ளி என்று இழுத்துவிட்டார். டைல்ஸ் பதித்த கை, வரிசை மட்டும் பிசகவில்லை. பிள்ளைகள் மையை ஊதிக் காயவைத்துக்கொண்டு சுவரில் ஒட்ட ஓடின. யாருக்குத் தெரியப்போகிறது என்று அவரும் வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

பள்ளி விட்டதும், வேறு வகுப்பில் படிக்கிற தன் பெண்ணைக் கூட்டிப்போக வந்த பக்கத்து வீட்டுக்காரி சுவரின்முன் நின்றாள். அவளுக்குத் தமிழ் நன்றாகவே படிக்க வரும். முதல் அட்டையில் அசைந்த உதடு, அடுத்த அட்டையில் நின்றது. திரும்பி அவரைப் பார்த்தாள்.

"அண்ணா..." என்று ஆரம்பித்து, பாதியில் விழுங்கினாள். அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மகள் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "ஆன்ட்டி, இதுதான் என் பேரு. படிச்சுக் காட்டுங்க."

பக்கத்து வீட்டுக்காரி அட்டையில் விரலை வைத்தாள். ஒவ்வொரு சுழியாக விரலை நகர்த்தி, எழுத்துக்கூட்டிப் படிக்கிறமாதிரியே, மகளின் பேரை மெதுவாகச் சொன்னாள்.

"நல்லா இருக்குண்ணா உங்க எழுத்து."

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. தன் பெண்ணோடு அவள் வெளியே போகிறவரைக்கும் அவர் தலை நிமிரவில்லை.

"வீட்டுக்குப் போலாம் வாம்மா."

"இருப்பா." மகள் பையிலிருந்து புதுப் பாடப்புத்தகத்தை எடுத்து, தரையில் குப்புறப்படுத்துக்கொண்டாள். சுவரை ஒருமுறை, பக்கத்தை ஒருமுறை பார்த்துப் பார்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டு அந்தச் சுழியை அப்படியே வரைந்தாள். "இனிமே எல்லா புக்லயும் இப்படித்தான் என் பேரு எழுதுவேன்."

"பென்சில்ல எழுதும்மா," என்றார்.

"பேனாதாம்ப்பா அழியாது," என்று சொல்லி, கொம்பை ஆரம்பித்தாள்.