அம்மா முந்திக்கொண்ட ஸ்தோத்திரம்

எனக்குக் கோபம் வந்தால் அப்பா என்றும் பார்க்க மாட்டேன். அந்தச் சனிக்கிழமை சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். தாம்பரத்தில் நான் கேட்ட கல்லூரியிலேயே விலங்கியலுக்கு இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் சேர வேண்டும். அப்பாவோ கவுன்சிலிங்கில் வந்த கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்தான் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

"செம்பாக்கம் ஏரியில முக்குளிப்பான் பறவய பாக்கறதுக்கா எப்சி, உன்ன பிளஸ் டூ சயின்ஸ் படிக்க வச்சேன்?"

"ஏன், அது சயின்ஸ் இல்லையாப்பா?"

"நாளைக்குச் சர்ச்ல இன்ஜினியரிங் சீட்டுக்கு ஸ்தோத்திரம் சொல்லப்போறேன். பேச்சு முடிஞ்சது."

எங்கள் சபையில் பிரசங்கம் முடிந்ததும், நன்மை பெற்றவர்கள் எழுந்து சாட்சியாக நன்றி சொல்வார்கள். அங்கே சொன்ன சொல்லை அப்பா உயிர் போனாலும் மாற்ற மாட்டார். போன லெந்து நோன்புக் காலத்தில், நாற்பது நாளைக்கு என்று சேர்த்துச் சொல்ல மறந்து, "காபியை விட்டுட்டேன்" என்று மட்டும் சபையில் சொன்ன மனிதர் இன்றுவரை வெந்நீர்தான் குடிக்கிறார்.

மறுநாள் பாஸ்டர், "சாட்சி சொல்றவங்க சொல்லலாம்" என்றதும் அப்பா தொண்டையைக் கனைத்தார். அதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா எழுந்துவிட்டாள். அடுத்த அறைக்குக்கூடக் கேட்காத குரல் அவளுடையது. அன்று மைக்கே தேவைப்படவில்லை.

"எங்க எப்சிக்கு அவ ஆசப்பட்ட விலங்கியல்லயே சீட் குடுத்த ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். நாளைக்கு அவங்க அப்பாவே கூட்டிட்டுப் போய்ச் சேக்கப்போறார். அதுக்கும் ஸ்தோத்திரம்."

சபை மொத்தமும் "ஆமென்" என்றது. பாதி எழுந்திருந்த அப்பாவை எல்லாரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

"ஆ... ஆமென்" என்று உட்கார்ந்தார்.

திரும்பும்போது காரில், "கோயில்லயே பொய்யா மெட்டில்டா?" என்றார்.

"சீட் கெடச்சது நிஜந்தானே? மிச்சத்த நாளைக்கு நீங்க நிஜமாக்கிடுங்க."

ஏரி வந்ததும் அப்பா காரை ஓரங்கட்டினார்.

"எதுடி அந்த முக்குளிப்பான்?"

காட்டினேன். காட்டும்போதே அது முங்கிவிட்டது.

"எங்க போச்சு?"

"வரும்ப்பா, இருங்க."

எனக்கு முன்னால் அவர்தான் அதைக் கண்டுபிடித்தார். "அதோ! அங்க பாரு!"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மாவின் கையை இறுகப் பிடித்து, "தேங்க்ஸ்மா" என்றேன்.

"எனக்கு எதுக்குடி? அப்பாவுக்குச் சொல்லு" என்றவள், என் காதருகே குனிந்தாள். "அடுத்த ஞாயித்துக்கெழம அவர் காபிக்கும் நானே எழுந்து ஸ்தோத்திரம் சொல்லிடுறேன்."