தரை டிக்கெட்டுக்கு இரண்டு வரிசை

டொரதியை மூன்று பேர் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். மூன்று பேரும் கேக் தின்றார்கள், தேத்தண்ணீர் குடித்தார்கள், சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை. நாலாவதாக என் பேச்சை எடுத்துக்கொண்டு மதினி போனபோது, இனி யார் முன்னாலும் தட்டுத் தூக்கிக்கொண்டு வரமாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாளாம். பார்க்க வேண்டுமென்றால் வெளியில் எங்காவது வைத்துப் பார்க்கட்டும், தானும் பார்ப்பாள், பிடிக்காவிட்டால் இரண்டு பக்கமும் பேசாமல் போய்விடலாம் என்றாளாம்.

மதினி என் அண்ணன் பெண்சாதி. பெயர் பெற்றீசியா. கண்டியில் அவளுக்குத் தெரியாத வேதக்காரக் குடும்பம் இல்லை.

"வியாழக்கெழமை நாடகத்துக்கு வாங்க தம்பி," என்றாள். "கடைசி ஆட்டம். தரை டிக்கெட் வாங்குற எடத்துல ஆம்பிளைங்க ஒரு வரிசை, பொம்பிளைங்க ஒரு வரிசை. நடுவுல கயிறு கட்டியிருக்கும். மூணாவது கம்புக்கு நேரா நீங்க நில்லுங்க. அந்தப் பக்கம் நான் அவளைக் கொண்டாந்து நிறுத்துறேன். நல்லாப் பாத்துக்குங்க. பேசக் கூடாது. ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சு ரெண்டு பேருகிட்டயும் கேக்குறேன்."

"எனக்கு ராவு வேலைன்னு சொன்னீங்களா?"

மதினி அடுப்பிலிருந்த சட்டியைக் கிளறினாள். "பேக்கரியில வேலைன்னு சொன்னேன்."

"ராவு வேலைன்னு?"

"அவ கேக்கல. முந்தி ரெண்டு எடத்துலயும் அதைச் சொல்லித்தானே கெட்டுச்சு. கல்யாணம் முடியட்டும். தன்னால தெரியப் போவுது."

தன்னால்தான் தெரியும். கல்யாணமான மறுநாள் சாயந்தரம் ஏழு மணிக்கு நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது தெரியும். பதினொரு வருஷமாக நான் போறணைக்காரன், ரொட்டி சுடும் அடுப்படிதான் என் வேலை. மாலை ஏழுக்குப் போனால் காலை ஐந்துக்கு வருவேன். ஊர் தூங்கும்போது பாண் சுடுவேன், ஊர் பாண் தின்னும்போது தூங்குவேன். முதலில் பார்த்த பெண்ணின் தகப்பன், "எம் மக ராவெல்லாம் சொவரப் பாத்துக்கிட்டுப் படுக்கவா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. எனக்கு முப்பத்தாறு வயது, ஏழாம் வகுப்போடு நின்றவன். டொரதி பங்குப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பவள். அவள் விஷயம் தெரியாமல் சரியென்று சொல்லிவிட்டால் அதைவிடக் கேவலம் வேறில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும். அதற்கு இருந்த இடம் அந்தக் கயிறு மட்டும்தான்.

நாடகமும் பார்க்க ஆசை இருந்தது. நாடகம் எல்லாம் இரவில் நடக்கும். பதினொரு வருஷமாக நான் ஒன்றும் பார்த்ததில்லை.

1933, ஐப்பசி மாதம். குட்ஷெட்டுக்குப் பின்னால் இருந்த வெற்று நிலத்தில் மதுரைக் கம்பெனி தகரக் கொட்டகை போட்டு நாற்பது நாளாக ஆடிக்கொண்டிருந்தது. கதிரையில் உட்கார்ந்து பார்க்கிற டிக்கெட்டெல்லாம் முந்தின வாரமே போய்விட்டது. தரை டிக்கெட் மட்டும் முதல் மணி அடித்த பிறகுதான் கொடுப்பார்கள். தரை நிறைந்ததும் ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். ஜன்னல்கள் இரண்டு, உள்ளே ஆள் ஒருவன். முக்காலியில் உட்கார்ந்தபடி இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று திரும்பித் திரும்பிக் கொடுப்பான்.

ஆறு மணிக்கே போய் மூன்றாவது கம்புக்கு நேராக இடம் பிடித்தேன். எனக்குப் பின்னால் வந்து நின்றவர் அலவத்துகொட றவூப். எங்கள் பேக்கரிக்கு விறகு கொடுப்பவர். அண்ணன் முறையாக அவரை நானா என்று கூப்பிடுவோம்.

"சுவக்கின், நீங்களா? இண்டக்கி போறணைக்கி ஆரு?"

"மெதுவாப் பேசுங்க நானா. வீரய்யாவ விட்டுட்டு வந்திருக்கேன்."

"ஏன் மெதுவா? நாடகம் பாக்குறது களவா?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் தாடியைச் சொறிந்துகொண்டு கேட்டார்.

"அப்ப அந்தப் புள்ளைக்கி ஒங்கட வேலை தெரியா."

"தெரியாது."

"செல்லிடுங்க."

"பேசக் கூடாதுன்னு மதினி சொல்லியிருக்கு."

"ஒங்கட மதினியா ஒங்களோட குடும்பம் நடத்தப் போற?" என்றார் றவூப்.

ஏழரைக்கு அவர்கள் வந்தார்கள். மதினி என்னைத் தெரியாதவள்போல முகத்தை வைத்துக்கொண்டு, தனக்கு முன்னால் டொரதியை நிறுத்தினாள். நீலச் சேலை, கையில் கறுப்புக் குடை. என்னைவிட ஒரு விரல் உயரம். முகம் சாதாரணம்தான், கண் மட்டும் நேராகப் பார்த்தது. கொட்டகைக்காரர்கள் காஸ் விளக்கைத் தூக்கிக் கட்டியபோது அவள் திரும்பி, என் காலிலிருந்து தலைவரை நிதானமாகப் பார்த்தாள். பிள்ளைகள் நீட்டும் சிலேட்டை அப்படித்தான் பார்ப்பாள் என்று நினைத்தேன். போறணை சுட்ட தழும்புகள் இருந்த கையைப் பின்னால் கட்டிக்கொள்ளலாமா என்று தோன்றியது. கட்டவில்லை.

எட்டரைக்கு முதல் மணி அடித்தார்கள். பெண்கள் ஜன்னல்தான் முதலில் திறந்தது. அந்த வரிசை நகர்ந்தது, டொரதி மூன்றாவது கம்பைத் தாண்டிப் போனாள். போச்சு என்று நினைத்தேன். கைக்குழந்தையோடு பின்னால் நின்ற ஒருத்திக்கு அவள் வழிவிட்டு ஒரு அடி பின்னுக்கு வந்தாள். பிறகு கோல் ஊன்றிய ஒரு வயசாளிக்கு. இரக்கமுள்ளவள் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்து இரண்டு அக்கா தங்கச்சிகளுக்கு விட்டாள். அதற்கடுத்து, வாய் நிறைய வெற்றிலையோடு நின்ற ஒரு தடித்த அம்மாளைத் தோளில் தொட்டு, நீங்கள் போங்கள் என்றாள். அந்த அம்மாளுக்குக் கையில் பிள்ளையும் இல்லை, காலில் நோவும் இல்லை. அவளே ஆச்சரியமாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள்.

டொரதி இப்போது மறுபடியும் மூன்றாவது கம்புக்கு நேராக இருந்தாள்.

"சுவக்கின்," என்றார் றவூப் என் காதோடு, "அஞ்சு பேர முன்னுக்கு உட்டுட்டா. ஒங்களுக்குக் கண் தெரியுதா, இல்லயா?"

மதினிக்கும் தெரிந்துவிட்டது, ஆனால் வேறு மாதிரி. "என்ன டொரதி, நாடகம் பாக்க வந்தமா, ஊருக்கெல்லாம் வழி உட வந்தமா?"

"நீங்க போங்கக்கா. நான் வர்றேன்."

"தரை நெறைஞ்சிரும்."

"போங்க."

மதினி என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். அந்தக் கம்பெனியின் பபூனைப் பற்றி ஒரு மாதமாகக் கேட்டுக் கேட்டு ஆசைப்பட்டிருந்தவள். போய்விட்டாள்.

பிறகு உள்ளே இருந்தவன் எங்கள் பக்கம் திரும்பினான். ஆண்கள் வரிசை மளமளவென்று போக ஆரம்பித்தது. எனக்கு முன்னால் பத்துப் பேர் இருந்தது நாலு பேரானது. பின்னாலிருந்து தள்ளினார்கள். நான் கயிற்றோரமாக ஒதுங்கி நின்றேன்.

"அண்ணே, நகருங்க."

"நீங்க போங்க."

ஒருவன் போனான். இன்னொருவன் போனான். மூன்றாமவன், "காசு இல்லாமயா வந்து நிக்கிற?" என்று கேட்டுவிட்டுப் போனான். றவூப் மட்டும் நகரவில்லை.

"நானும் போகவா?"

"போங்க நானா."

"பதினொரு வருசமா பாக்கல்லன்னு செல்லிக்கிட்டு ஈந்தீங்க."

"போங்க."

"நாளக்கி வெறகு கொண்டு வரக்குள்ள கதைய செல்றன்," என்றார். இரண்டு அடி போய்த் திரும்பி, "நீங்களும் செல்லிடுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகும் இரண்டு பக்கமும் ஆட்கள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்கள். நாங்கள் அசையாமல் நின்றோம். எங்களுக்கிடையில் ஒரு முழம், அதில் ஒரு கயிறு. இனியும் சொல்லாமல் நிற்பதற்கு எனக்கு ஒரு சாக்கும் இல்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"நான் ராவு வேலை."

அந்த நேரம் பார்த்து இரண்டாவது மணியை அடிக்கத் தொடங்கினார்கள். "என்ன?" என்றாள்.

"ராவு வேலை."

"கேக்கல."

நான் கத்தினேன். "ராவுல வேலை செய்றவன் நான்." மணி அதற்குள் நின்றுவிட்டது. மொத்த வரிசையும் திரும்பிப் பார்த்தது.

"ராவு வேலைன்னா என்னப்பா, களவா?" என்றான் ஒருவன்.

"அதைப் போயிப் பொம்பிளப் பிள்ளைகிட்டச் சொல்லிக்கிட்டு இருக்கான் பாரு," என்றான் இன்னொருவன். சிரித்தார்கள். டொரதி சிரிக்கவில்லை.

"அக்கா பேக்கரியிலன்னு சொன்னாங்க."

"பேக்கரிதான். போறணையில நிக்கிறேன். ஏழு மணிக்குப் போனா காலையில அஞ்சு மணிக்குத்தான் வருவேன். தெனமும். ஞாயித்துக்கெழமை ராவு மட்டும் லீவு. வேற வேலை எனக்குத் தெரியாது. உட்டுட்டு வர்றேன்னு பொய் சொல்ல மாட்டேன்."

ஜன்னலுக்கு முன்னால் இந்தப் பக்கம் இரண்டு பேர், அந்தப் பக்கம் ஒருத்தி. அவர்கள் முடிந்ததும் உள்ளே இருந்தவன் தலையை நீட்டி எங்கள் இரண்டு பேரையும் பார்த்தான். "தரை நெறைஞ்சு போச்சுங்க," என்று சொல்லிப் பலகையைச் சாத்தினான். எங்களுக்குப் பின்னால் வந்திருந்த கொஞ்சப் பேர் அவனை ஏசினார்கள். பிறகு கொட்டகையின் தகரத்தோடு காதை வைத்து நின்றுகொண்டார்கள்.

மழை தூறியது. டொரதி குடையை விரிக்காமல் யோசித்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப ராத்திரியில நான் தனியா இருக்கணும்."

"ஆமா."

"பகல்ல நீங்க தூங்குவீங்க."

"ஒரு மணி வரைக்கும்."

"எனக்குப் பள்ளிக்கூடம் ரெண்டு மணிக்கு விடும்."

"ம்."

"ரெண்டுல இருந்து ஏழு," என்றாள். "வழியில போற நேரத்தைக் கழிச்சா நாலரை மணி நேரம்." பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள் அல்லவா, விரலை மடக்காமல் கணக்குப் போட்டாள். "எங்க அண்ணனும் அண்ணியும் நாள் பூரா ஒரே வீட்டுலதான் இருக்காங்க. ரெண்டு பேரும் சேந்தாப்புல நாலு வார்த்தை பேசி நான் பாத்ததில்ல."

தூறலுக்குச் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

"அந்த மூணு பேரும் என்கிட்ட ஒண்ணும் சொல்லல," என்றாள். "கேள்விதான் கேட்டாங்க. சமைப்பியா, தைப்பியா, சம்பளத்தை யாருகிட்டக் குடுப்பே."

உள்ளே ஆர்மோனியம் தொடங்கியது. ராஜபார்ட் வந்துவிட்டான் போலிருக்கிறது, தகரம் அதிரும்படி கை தட்டினார்கள். அவள் அந்தப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது.

"உங்களுக்கு ஆசைதானே. என்னால போச்சு."

"நான்தானே முதல்ல அஞ்சு பேரை விட்டேன்," என்றாள். "நீங்க எத்தனை?"

"எண்ணல."

"பதினொண்ணு," என்றாள் அவள்.

பெற்றீசியா மதினி வெளியில் வர இரவு இரண்டு மணியாகும். அதுவரை ஒரு பெண் அங்கே நிற்க முடியாது, அவள் அண்ணன் வீடிருந்த கட்டுக்கலை வரைக்கும் தனியாகப் போகவும் முடியாது. ஊரார் பார்க்க ஒரு ஆணோடு சேர்ந்து நடந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அது அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். குடையை விரித்து, "வாங்க, போவோம்," என்றாள்.

உயரமாக இருந்ததால் குடையை அவளே பிடித்தாள். என் வலது தோள் நனைந்தது. ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் வந்துவிட்டோம். எதிரே பள்ளிக்கூடத்துக் காவல்காரர் வந்தார். எங்களைப் பார்த்து நின்றே விட்டார். அவள் அவருக்குத் தலையை அசைத்துவிட்டு நடந்தாள்.

"அக்காகிட்ட ஒண்ணு கேக்கணும்," என்றாள். "ஏன் மறைச்சாங்கன்னு."

"எனக்காகத்தான் மறைச்சாங்க. சண்டை போட்டுறாதீங்க."

"போடுவேன்."

கட்டுக்கலைக் கோயில் தெரிந்தது. அங்கிருந்து அவள் அண்ணன் வீட்டுக்கு நாற்பது அடி. நடையை மெதுவாக்கினாள்.

"அஞ்சு மணிக்கு வர்றப்ப நல்லா இருட்டா இருக்குமா?"

"மழைக்காலத்துல இருட்டுதான்."

"எப்படி உள்ள வருவீங்க? சாவி வச்சிருப்பீங்களா?"

"எடுத்துட்டுப் போயிருவேன். தூங்குறவங்களை எழுப்பக் கூடாதில்ல."

வீட்டு வாசலில் நின்று குடையை என் கையில் கொடுத்தாள்.

"சாவி வேணாம்," என்றாள். "தட்டுங்க."