மக்டலீனின் இரண்டாவது வாங்கு

மக்டலீனுக்குக் கூட்டம் சேர்ந்தது எனக்குப் பிடிக்கவில்லை. அதை ஒளிப்பானேன்? கரவெட்டியிலிருந்து தொண்டைமானாறு வரை பன்னிரண்டு வருஷம் ஒற்றை மருத்துவிச்சியாகச் சைக்கிள் மிதித்தவள் நான். எழுபத்தைந்தாம் ஆண்டு பகுதியை இரண்டாகப் பிரித்து, கடற்கரைப் பக்கத்தை நேற்றுப் பயிற்சி முடித்த பாஷையூர்க்காரி மக்டலீனிடம் கொடுத்தார்கள். ஆறு மாதத்துக்குள் என் பக்கத்துக் கர்ப்பிணிகளும் அவளுடைய வெள்ளிக்கிழமைக் கிளினிக்குக்கு பஸ் ஏறினார்கள்.

என் கிளினிக்கில் என்ன குறை? சுவர் நிறையக் கீரை, முட்டை, ஈரல் படங்கள். செவ்வாய்தோறும் அரை மணி நேரம் பேசுவேன். கர்ப்பிணியின் வயிறு காயக்கூடாது என்று நான் சொல்லும் விதத்துக்குப் பெரிய டொக்டரே தலையாட்டியிருக்கிறார். சுகாதாரக் கல்வி என்றால் அதுதானே? தெரிந்தவர் சொல்வது, தெரியாதவர் கேட்பது.

"அவ எங்களைத்தான் கதைக்க விடுவா, மிஸி," என்றாள் என் கிளினிக்கை விட்டுப்போன குணலட்சுமி, சந்தையில் கண்டபோது.

"அப்ப அவவின்ரை சம்பளத்தையும் உங்களுக்கே தரட்டும்!" என்றேன். பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுப் போனேன். பிழை பிடித்து, மேலிடத்துக்கு எழுதத்தான்.

அங்கே வந்தவர்கள் இருக்க இரண்டு நீள வாங்குகள் கிடந்தன. முன்வாங்கில் கர்ப்பிணிகள். மற்றதில் அவர்களுடைய வீடுகளில் சோறு ஆக்குகிறவர்கள்: தாய்மார், மாமிமார், ஒரு புருஷன்கூட. அவர்களையும் கூட்டிவர வேண்டும் என்பது மக்டலீனின் சட்டமாம். முன்வாங்கின் ஓரத்தில் என் மகள் அருந்ததி இருந்தாள்.

அவளுக்கு ஐந்து மாதம். புருஷன் கொழும்பில் வேலை, அவள் என்னோடுதான். வீட்டில் இருப்பவள்தானே, நாளைக்குப் பார்க்கலாம் என்று நான் இன்னும் அவளுக்குக் கர்ப்பிணிக் கார்ட் எழுதவில்லை. மக்டலீன் எழுதியிருந்தாள். என் பிள்ளையின் பெயர் அவளுடைய கோணல் எழுத்தில்! புருஷனை இன்னொருத்தியோடு கண்டிருந்தாலும் அப்படி எரிந்திராது.

"வாங்கோ அக்கா," என்று மக்டலீன் எழும்பினாள். "ரெண்டு தரமும் மகள் தனியத்தான் வந்தவ. உதிலை இருங்கோ."

இரண்டாவது வாங்கைத்தான் காட்டினாள். எல்லோரும் பார்த்தார்கள். அதில் போய் இருந்தேன்.

வந்தவர்களிடம் ஒரே கேள்விதான் கேட்டாள். நேற்று என்ன சாப்பாடு, எத்தனை மணிக்கு? என் முறை வந்தது.

"சோறு, முட்டை, முருங்கையிலை வறை," என்றேன், செவ்வாய்க்கிழமைக் குரலில். "காலமை ஆக்கி வைச்சிட்டுத்தான் வெளிக்கிடுவன்."

"எத்தினை மணிக்குச் சாப்பிட்டவ, அக்கா?"

பன்னிரண்டு என்று சொல்ல வாயெடுத்தேன். அருந்ததி முந்திக்கொண்டாள்.

"நாலு மணிக்கு. அம்மா வந்தாப் பிறகு."

"ஏன் அவ்வளவு நேரம்?"

"அம்மா விடிய வெறும் தேத்தண்ணியோடை போறவ. அவ வெய்யிலுக்கை சைக்கிள் மிதிக்க, நான் இருந்து சாப்பிடுறதே?"

பள்ளிக்கூட நாளிலிருந்தே அவள் அப்படித்தான். நான் வராமல் சோற்றில் கை வைக்காத பிள்ளை என்று எத்தனை வீடுகளில் பெருமை பேசியிருக்கிறேன்! வயிறு காயக்கூடாது என்று நான் ஒழுங்கை ஒழுங்கையாகச் சொல்லித் திரிந்த நேரமெல்லாம், என் மகளின் வயிறு எனக்காகக் காய்ந்திருக்கிறது.

மக்டலீன் சிரித்திருந்தால் சண்டை பிடித்திருக்கலாம். அவள் சிரிக்கவில்லை. அருந்ததியின் கீழிமையை இழுத்து, என்னைப் பார்க்கச் சொன்னாள். இரத்தமில்லாமல் வெளிறிக் கிடந்தது. ஆயிரம் பேரின் இமையை இழுத்துப் பார்த்தவள் நான், இதைப் பார்க்கவில்லை.

பஸ்ஸில் கேட்டேன். "என்னட்டைச் சொல்லியிருக்கலாமே, பிள்ளை?"

"நீங்கள் கேக்கேல்லையே, அம்மா."

மேலிடத்துக்குக் கடிதம் எழுதவில்லை. அடுத்த முறையும் லீவு போட்டுப் போய் அந்த வாங்கில் இருந்தேன்.

"கார்ட்டை உங்கடை கிளினிக்குக்கு மாத்தித் தரட்டோ, அக்கா?" என்று மக்டலீன் கேட்டாள்.

ஓம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. எரிச்சல் கொஞ்சமும் குறையவில்லை.

"உம்மட்டையே இருக்கட்டும்," என்றேன். பிறகு, அவள் கேட்க முதலே சொன்னேன்: "நேற்றுப் பன்னிரண்டு மணிக்கு. நான் வந்து, ரெண்டு பேரும் சாப்பிட்டனாங்கள்."